மேஸ்திரின்ற வார்த்தை மாஸ்டர்ல இருந்து வந்ததா, இல்ல அதுக்கும் முன்னாடியே இங்க இருந்துச்சா?

வண்ணை கலவை
எல்லாருக்கும் வணக்கம். எங்க நைனா புதுவண்ணாரப்பேட்டைல கட்டட மேஸ்திரி, நானும் அவரு கூடதான் சைட் பாத்துக்கினு இருக்கேன். இப்போ தண்டையார்பேட்டைல ஒரு வீட்டுக்கு மேல்மாடி எடுக்கறோம், அங்க புதுசா வந்த இன்ஜினியர் தம்பி பேச்சுவாக்குல மேஸ்திரின்றது மாஸ்டர்ன்ற இங்கிலீஷ் வார்த்தைய படிக்காத ஜனங்க வாய்ல வராம கெடுத்து வெச்சதுன்னு சொல்லிட்டு போயிட்டாரு. எனக்கு அது சரியாவே படல. வாய்ல வரலன்னா டீ மாஸ்டர், பரோட்டா மாஸ்டர், ஸ்டேஷன் மாஸ்டர் இதெல்லாம் எப்படி அதே ஜனங்க வாய்ல சுத்தமா வருது? ஒரே தெருவுல ஒருத்தர மாஸ்டர்னும் இன்னொருத்தர மேஸ்திரின்னும் கூப்பிடறோம், ரெண்டும் ஒன்னுன்னா ஏன் ரெண்டு ரூபத்துல நிக்குது? மொழி பத்தி தெரிஞ்சவங்க யாராவது விளக்கமா சொல்லுங்க, இது நாங்க சோறு சாப்பிடற தொழிலோட பேரு.

ராயபுரம் டீச்சர்
தம்பி, உங்க சந்தேகம் ரொம்ப சரியான இடத்துல விழுந்திருக்கு. மேஸ்திரி இங்கிலீஷ்ல இருந்து வரல, போர்த்துகீசிய மொழில இருந்து வந்துச்சு. அவங்க வார்த்தை மெஸ்த்ரெ, அர்த்தம் தொழில் தெரிஞ்ச தலைவன், ஆளுங்கள வெச்சு வேலை வாங்கறவன். அதோட தாய் லத்தீன்ல மகிஸ்தெர். அந்த மகிஸ்தெர் ஒரு பக்கமா பிரெஞ்சு வழியாவும் பழைய இங்கிலீஷ் வழியாவும் போயி மாஸ்டர் ஆச்சு, இன்னொரு பக்கமா போர்ச்சுகல்ல நடுவுல இருந்த க ஒலி கரைஞ்சு மயெஸ்த்ரெ, அப்புறம் மெஸ்த்ரெ ஆச்சு. அதனால மாஸ்டரும் மேஸ்திரியும் அப்பன் புள்ள இல்ல, அண்ணன் தம்பி. அதுலயும் நம்ம ஊருக்கு முதல்ல வந்தவரு மேஸ்திரிதான், ஏன்னா போர்த்துகீசியங்க கள்ளிக்கோட்டைல கால் வெச்சது 1498, இங்கிலீஷ்காரன் நம்ம கோட்டைய கட்ட ஆரம்பிச்சது 1639-40ல.

எப்படி இவ்ளோ உறுதியா சொல்றேன்னா வார்த்தையோட வால பாருங்க. போர்த்துகீசியத்துல எ-னு முடியறது தமிழ்ல இ-னு முடியும். பாத்ரெ நம்மகிட்ட பாதிரி ஆச்சு, சாவெ சாவி ஆச்சு, மெஸ்த்ரெ மேஸ்திரி ஆச்சு. பாதிரியும் மேஸ்திரியும் ஒரே அச்சுல வார்த்த மாதிரி இருக்கு பாருங்க, த்ரெ ரெண்டுலயும் திரி ஆயிருக்கு. அ-னு முடியற வார்த்தைங்க வேற மாதிரி வந்து உக்காரும், மேசா மேஜை ஆச்சு, பேனா பேனாவாவே நின்னுச்சு. இங்கிலீஷ் மாஸ்டர கெடுத்திருந்தா அந்த திரி எங்க இருந்து வரும்? மாஸ்தர்னோ மாஸ்டருனோதான் வந்திருக்கும். கெட்டுப்போன உச்சரிப்புன்னு சொல்றவங்க இந்த ஒழுங்க கவனிக்கறதே இல்ல, நம்ம ஜனங்க காதுல எப்படி விழுந்துச்சோ அத அப்படியே ஒரு விதியோட பிடிச்சு வெச்சிருக்காங்க.

தனித்தமிழ் தொண்டன்
வரலாறு எல்லாம் சரி டீச்சர், ஆனா போர்த்துகீசியம்னாலும் இங்கிலீஷ்னாலும் வேத்து மொழிதானே. கொத்தனார்னு அழகான தமிழ்ப் பேரு இருக்கும்போது மேஸ்திரி எதுக்கு? மேற்பார்க்கறவருக்கு கண்காணின்னு இன்னொரு வார்த்தையும் நம்மகிட்ட இருக்கு. இதையெல்லாம் விட்டுட்டு எங்கயோ இருந்து வந்தத தூக்கிப்பிடிச்சா நாளைக்கு நம்ம சொல் நமக்கே மறந்துடும்ன்ற கவலை எனக்கு உண்டு.

வண்ணை கலவை
ஐயா, உங்க கவலை எனக்குப் புரியுது, ஆனா கொத்தனார் வேற மேஸ்திரி வேறங்க. கொத்தனாருன்னா கரண்டி பிடிக்கற கை. செங்கல் வைக்கறது, பூசறது, மணியாஸ் கட்டைய போட்டு தேச்சு முகம் எடுக்கறது எல்லாம் அவரு. மேஸ்திரி முக்காவாசி நேரம் கரண்டியே தொடமாட்டாரு. விடியக்காலைல யாரு வந்தாங்க யாரு வரலன்னு பாக்கறது, எத்தினி சித்தாளு எத்தினி பெரியாளுன்னு பிரிச்சு விடறது, கம்பி கட்டறவங்க எப்ப வரணும் சென்ட்ரிங் எப்ப பிரிக்கணும்னு கணக்கு வெச்சுக்கறது, வீட்டுக்காரரு கிட்ட பணம் வாங்கி சனிக்கிழமை சாயங்காலம் கூலி பிரிச்சுக் குடுக்கறது, மழை வந்து வேலை நின்னா ஆளுங்களுக்கு அட்வான்ஸ் குடுத்து வேற சைட்டுக்குப் போவாம பிடிச்சு வைக்கறது இதெல்லாம் அவரு தலைல. அதுக்கு மேல மட்டம். நைனா இன்னிக்கும் டியூப்ல தண்ணி நிரப்பிதான் மட்டம் பாப்பாரு. ஒரு முனைய நான் இந்த மூலைல சுவத்தோட ஒட்டி பிடிச்சுப்பேன், அவரு அந்த மூலைல. தண்ணி ஆடி ஆடி நிக்கற வரைக்கும் மூச்சு காட்டாம இருப்பாரு, நடுவுல ஒரு காத்துக்குமிழி இருந்தா டியூப ரெண்டு தட்டு தட்டி அத மேல ஏத்தி விட்டுட்டு திரும்ப முதல்ல இருந்து. அப்புறம்தான் பென்சில் கோடு. மட்டம் போட்ட அந்தக் கோட்டுக்கு யாரு பொறுப்போ அவருதான் மேஸ்திரி. தூக்குகுண்டு விட்டு சுவரு அரை விரக்கடை வெளிய போயிருந்தா கொத்தனார யாரும் கேக்கமாட்டாங்க, மேஸ்திரிய கேப்பாங்க. அதனால கொத்தனாருன்ற நல்ல வார்த்தை அது இடத்துல இருக்கட்டும், எங்க சைட்ல அதுவும் தினம் நூறு தபா வாய்ல வர்றதுதான்.

பழவேற்காட்டுப் பையன்
ஒரு கேள்வி. எங்க பக்கம் போர்த்துகீசியங்களுக்கு அப்புறம் டச்சுக்காரங்கதான் ரொம்ப காலம் இருந்தாங்க, கெல்ட்ரியா கோட்டை 1613ல கட்டினது. டச்சுலயும் மேஸ்டர்னு ஒரு வார்த்தை இருக்கு, மேன்னுதான் ஆரம்பிக்குது. அப்போ அது டச்சு வழியா பழவேற்காட்டுல இருந்து கீழ மெட்ராஸுக்கு வந்திருக்கலாம் இல்லையா?

ராயபுரம் டீச்சர்
நல்ல கேள்வி. முன்பாதி ஒத்துப்போகுது, ஆனா வால் ஒத்துப்போகல, டச்சு வார்த்தை டர்-னு முடியுது. இன்னொன்னு, இந்த வார்த்தை நம்ம கடற்கரைல மட்டும் இல்ல. தெலுங்குல கன்னடத்துல மேஸ்த்ரி, மலையாளத்துல மேஸ்திரி, பேச்சுல மேசிரி. இந்தில மராட்டில குஜராத்தில வங்காளத்துல மிஸ்த்ரி. பம்பாய் பார்சிங்க நடுவுல அது குடும்பப் பேராவே ஆயிடுச்சு. கோவா, கொச்சி, ஊக்ளி, சாந்தோம்னு போர்த்துகீசியங்க போய் எறங்கின இடத்தையெல்லாம் சேத்து ஒரு கோடு போட்டா அந்த வார்த்தை பரவின வரைபடம் வந்துடும்.

மெட்ராஸ்லயே போர்த்துகீசியம் எவ்ளோ ஆழமா இருந்துச்சுன்னு இப்ப பல பேருக்குத் தெரியாது. கோட்டை கட்டினதும் சாந்தோம்ல இருந்த போர்த்துகீசியக் குடும்பங்க பல பேரு இங்க குடிவந்தாங்க. கடற்கரைப் பட்டணங்கள்ல வியாபாரத்துக்குப் பொது மொழியே ஒரு உடைஞ்ச போர்த்துகீசியம்தான், அத வெச்சுதான் இங்கிலீஷ்காரன் இங்க இருந்தவங்க கிட்ட பேசினான். 1698ல கம்பெனிக்கு குடுத்த சாசனத்துல, இங்க வர்ற பாதிரிங்க வந்த ஒரு வருஷத்துக்குள்ள போர்த்துகீசியம் கத்துக்கணும்னு எழுதியே வெச்சிருக்காங்க. 1688ல நம்ம மாநகராட்சி ஆரம்பிச்சப்போ ஆல்டர்மேனா, அதாவது மன்ற உறுப்பினரா, உக்காந்தவங்கள்ல போர்த்துகீசிய வியாபாரிங்களும் உண்டு. கோட்டை, சுங்கம், கிட்டங்கி, கறுப்பர் நகரம்னு இந்த ஊரையே எழுப்பின சமயத்துல வேலை வாங்கினவங்க வாய்ல இருந்தது அந்த மொழி. அப்போ கட்டட வேலைல இந்த வார்த்தை ஒட்டிக்கிட்டது ஆச்சரியமே இல்ல. நாலு சுவருக்குள்ள பாத்தாலும் ஜன்னல், சாவி, அலமாரி, மேஜை எல்லாம் அந்த வழில வந்ததுதான்.

பெரம்பூர் லோகோ
ரிட்டயர்ட் ரயில்வே. கட்டடத்தோட நிக்கல இந்த வார்த்தை. ரயில்வேல மிஸ்ட்ரின்னு ஒரு போஸ்ட்டே இருந்துச்சு, தண்டவாளம் பாக்கற கேங்குக்கு மேல பெர்மனென்ட் வே மிஸ்ட்ரி, ஒர்க் ஷாப்ல சூப்பர்வைசருக்கு கீழ மிஸ்ட்ரி. ஆர்டர்ல இங்கிலீஷ் எழுத்துல மிஸ்ட்ரின்னு வரும், நாங்க வாயால மேஸ்திரின்னுதான் சொல்வோம். கார்ப்பரேஷன்லயும் குப்பை அள்ற ஆளுங்கள பாத்துக்கறவரு மேஸ்திரிதான். ராயபுரத்துல இருந்து வாலாஜா ரோடு வரைக்கும் 1856ல ரயில் ஓட ஆரம்பிச்சுதே, அந்த லைன் போட்ட ஆளுங்களயும் எவனோ ஒரு மேஸ்திரிதான் ஓட்டியிருப்பான்.

ஆனா ஒரு விஷயம் சொல்லியே ஆவணும், எல்லாரும் பெருமையாவே பேசறீங்க. மில்லு காலத்துல மேஸ்திரின்னா பயம். எங்க தாத்தா இந்தப் பக்கம் ஒரு பஞ்சாலைல வேலை பாத்தவரு. ஆள் எடுக்கறதும் மேஸ்திரி, நிப்பாட்டறதும் மேஸ்திரி, லீவு போடறதுக்கும் அவன் கைல ஏதாவது வைக்கணும், தீபாவளிக்கு தேங்கா பழத்தோட அவன் வீட்டு வாசல்ல நிக்கணும். பம்பாய்ல ஜாபர்னு சொல்வாங்க, இங்க மேஸ்திரி. 1931ல வந்த, தொழிலாளர் நிலைமைய விசாரிச்ச ராயல் கமிஷன் ரிப்போர்ட்லயே இப்படி ஆள் எடுக்கறதுக்கு காசு வாங்கற பழக்கத்த பத்தி எழுதியிருக்காங்க. 1918ல இங்க சென்னை தொழிலாளர் சங்கம் ஆரம்பிச்சதுக்குப் பின்னாடி இந்த மேஸ்திரி கொடுமையும் ஒரு வலி. அதையும் சேத்துதான் இந்த வார்த்தைய பாக்கணும்.

வியாசர்பாடி பர்மாக்காரி
லோகோ அண்ணா சொன்னது நூத்துக்கு நூறு. எங்க குடும்பம் ரங்கூன்ல இருந்து அறுபதுகள்ல திரும்பி வந்தது, இப்ப வரைக்கும் வியாசர்பாடிதான். பர்மால கூலி ஆளுங்கள கூட்டிட்டுப் போன முறைக்குப் பேரே மேஸ்திரி முறை. சிலோனுக்கும் மலேயாவுக்கும் தோட்ட வேலைக்குக் கூட்டிட்டுப் போனவன் கண்காணி, பர்மாவுக்குக் கூட்டிட்டுப் போனவன் மேஸ்திரி. ஊர்ல வந்து முன்பணம் குடுப்பான், கப்பல் சார்ஜ் கட்டுவான், அங்க போய் எறங்கினதும் அந்தக் கடன் தீர்ற வரைக்கும் நீ அவன் ஆளு. அரிசி மில்லு, ரங்கூன் துறைமுகம், அறுவடை எல்லா இடத்துலயும் கூலி முதலாளி கைல இருந்து நேரா ஆளுக்கு வராது, மேஸ்திரி கைக்குப் போய் பிடிச்சது போக மிச்சம் வரும். அதுலயும் பெரிய மேஸ்திரி, அவனுக்குக் கீழ சின்ன மேஸ்திரி, ஒவ்வொருத்தனும் ஒரு பிடி எடுப்பான். தெலுங்கு பேசற ஜனங்கதான் ரொம்ப பேரு அப்படிப் போனாங்க, தமிழ் ஆளுங்களும் உண்டு. 1930ல ரங்கூன் துறைமுகத்துல பர்மாக்காரங்களுக்கும் தெலுங்கு கூலிங்களுக்கும் நடந்த கலவரத்துல செத்தவங்கள்ல பெரும்பாலும் இந்த மாதிரி வந்த கூலி ஜனங்கதான்.

கண்காணின்ற சுத்தமான தமிழ் வார்த்தையும் அந்தத் தோட்டங்கள்ல நல்ல பேர் எடுக்கல தொண்டன் ஐயா. வார்த்தை எந்த மொழில இருந்து வந்துச்சுன்றத வெச்சு அது நல்லது கெட்டது ஆவறதில்ல, கைல என்ன அதிகாரம் குடுத்து வெச்சோம்ன்றதுதான்.

தனித்தமிழ் தொண்டன்
கண்காணி விஷயத்துல நீங்க சொல்றது உண்மைதான் சகோதரி, மறுக்கல. ஆனா புதுசா ஒரு தொழிலுக்குப் பேர் வைக்கறப்போ தமிழ்ல வைக்கணும்ன்றதுல நான் உறுதியா நிக்கறேன். நானூறு வருஷமா ஜனங்க நாக்குல ஊறினத பிடுங்கணும்னு நான் சொல்லல.

மூலக்கொத்தளம் கட்டிங்
நான் ஆயத்த ஆடை தைக்கற யூனிட்ல கட்டிங் மாஸ்டர். எங்க தாத்தாவும் தையக்காரருதான், அவர டெய்லர் மேஸ்திரின்னு கூப்பிட்டதா எங்க ஆயா சொல்லும். அப்போ தையலுக்கும் மேஸ்திரின்னு சொல்லியிருக்காங்களா, இல்ல ஆயா ஏதோ கலந்து சொல்லுதா?

ராயபுரம் டீச்சர்
உங்க ஆயா சொல்றது சரி. 1886ல ஹாப்சன் ஜாப்சன்னு ஒரு அகராதி வந்துச்சு, இந்தியால இருந்த இங்கிலீஷ்காரங்க பேசின இந்திய வார்த்தைங்களுக்கான அகராதி. அதுல மேஸ்திரிக்குத் தனியா இடம் இருக்கு. போர்த்துகீசிய மெஸ்த்ரெதான் மூலம்னு சொல்லிட்டு, தெக்கத்தி வீடுங்கள்ல மேஸ்திரின்னா பெரும்பாலும் சமையக்காரரு, இல்லன்னா தையக்காரருன்னு போட்டிருக்கு.

இத யோசிச்சுப் பாருங்க, எனக்கு ரொம்பப் பிடிச்ச இடம் இது. சமையலுக்கும் தையலுக்கும் இருந்த மேஸ்திரி ரெண்டு பேரும் இப்ப என்ன ஆனாங்க? பரோட்டா மாஸ்டர், கட்டிங் மாஸ்டர். ஹோட்டலு, தையல் யூனிட்னு அந்தத் தொழிலுங்க புதுசா உருமாறினப்போ இங்கிலீஷ் வழியா வந்த தம்பி வந்து அண்ணன் நாற்காலில உக்காந்துட்டான். கட்டடத்துல மட்டும் அண்ணன் எழுந்திருக்கவே இல்ல, ஏன்னா அங்க ஆள் சேக்கற முறை, கூலி குடுக்கற முறை, தொழில் கத்துக்கற முறை எதுவுமே பெருசா மாறல. சித்தாளா வந்தவன் கரண்டி பிடிச்சு கொத்தனாராகி அப்புறம் பத்து பேர சேத்துக்கிட்டு மேஸ்திரி ஆவறது அன்னிக்கும் இன்னிக்கும் ஒரே வழிதான். கலவை தம்பி முதல்ல கேட்டாரே ஏன் ரெண்டு ரூபம் நிக்குதுன்னு, அதுக்குப் பதில் இதுதான்னு நான் நினைக்கறேன்.

கொருக்குப்பேட்டை குட்டி
காலேஜ் படிக்கறேன், குறுக்க வர்றேன். அப்போ மினிஸ்டரும் இந்த மகிஸ்தெர்ல இருந்து வந்ததா? மந்திரியும் அதுல இருந்தா? மிஸ்டர், மிஸ், மாஜிஸ்ட்ரேட்லாம்?

ராயபுரம் டீச்சர்
ஒன்னொன்னா பிரிக்கறேன். மாஜிஸ்ட்ரேட் அதே வேர், மகிஸ்தெரோட பதவி. மிஸ்டர் மாஸ்டரோட தேஞ்ச உச்சரிப்பு. மாஸ்டருக்குப் பெண்பால் மிஸ்ட்ரஸ், அது சுருங்கி மிஸ்ஸஸும் மிஸ்ஸும் ஆச்சு. எம்.ஏ.ன்றதுல இருக்கற எம்-மும் அதேதான், லத்தீன்ல மகிஸ்தெர் ஆர்ட்டியும். பிரான்ஸோட தெக்கால ஒரு முரட்டுக் காத்து அடிக்கும், பேரு மிஸ்த்ரால், அதுவும் காத்துக்கெல்லாம் தலைவன்னு இதே வேர்ல வெச்ச பேரு.

மந்திரி சம்பந்தமே இல்ல, அது மந்திரம்ன்ற சமஸ்கிருதச் சொல்லோட ஆளு, ஆலோசனை சொல்றவன். மினிஸ்டர்தான் சுவாரசியம். லத்தீன்ல மகிஸ்ன்னா அதிகம், மினுஸ்ன்னா கம்மி. அதிகத்துல இருந்து வந்தவன் மகிஸ்தெர், மேல இருக்கறவன். கம்மில இருந்து வந்தவன் மினிஸ்தெர், கீழ இருக்கறவன், அதாவது ஏவலாளு. ராஜாவுக்கு ஏவல் செஞ்சவன்னு போயி போயி அமைச்சரு ஆனாங்க. வேரோட கணக்குல பாத்தா மேஸ்திரிதான் மினிஸ்டர விட மேல.

அந்த மகிஸ்ஸோட வேர இன்னும் தோண்டினா லத்தீனுக்கும் சமஸ்கிருதத்துக்கும் கிரேக்கத்துக்கும் பொதுவான ஒரு பழைய வேருக்குப் போவும், பெருசுன்னு அர்த்தம். சமஸ்கிருதத்துல அது மகா, கிரேக்கத்துல மெகா. லத்தீன்லயே இன்னொரு கிளை மயோர், பெரியவன்னு அர்த்தம், அதுல இருந்துதான் மேயரும் மேஜரும். ரிப்பன் பில்டிங் மேயர், மகாராஜா, மெகா சீரியல், தண்டையார்பேட்டை சைட்ல நிக்கற மேஸ்திரி எல்லாரும் ஒரு வகையில தூரத்துச் சொந்தம்.

ரோமாபுரில மகிஸ்தெருன்னா பள்ளிக்கூட வாத்தியாரும் உண்டு, கப்பல் தலைவனும் உண்டு, மந்தைய மேய்க்கறவனும் உண்டு, குதிரைப் படைத் தளபதியும் உண்டு. விருந்துல யாரு எவ்ளோ குடிக்கணும்னு முடிவு பண்றதுக்குக்கூட ஒரு மகிஸ்தெர வெச்சிருந்தாங்க. அப்புறம் மொழிக்கு மொழி ஒவ்வொன்னா பிரிஞ்சுச்சு. இத்தாலில மாயெஸ்த்ரோன்னா சின்னப் பசங்க வாத்தியாரும் சங்கீதக் குழுத் தலைவரும். பிரெஞ்சுல மேத்ருன்னா வக்கீல மரியாதையா கூப்பிடறது. ஜெர்மன்ல மைஸ்டருன்னா விளையாட்டுல சாம்பியன், அதே சமயம் பரீட்சை எழுதி சான்றிதழ் வாங்கின தச்சன், கொத்தன், பேக்கரிக்காரனும் மைஸ்டர். சில தொழில்கள்ல அந்தச் சான்றிதழ் இல்லாம சொந்தமா பட்டறை வைக்கவே முடியாது.

காசிமேடு கப்பக்காரன்
நான் சரக்குக் கப்பல்ல ஓடறவன். டீச்சர் சொன்னதுக்கு நேர்ல பாத்த சாட்சி ஒன்னு தர்றேன். பிரேசில்ல சாண்டோஸ் போர்ட்டுக்கு சர்க்கரை ஏத்தப் போயிருந்தோம், அங்க பேசறது போர்த்துகீசியம்தான். போர்ட்டுக்கு வெளிய ஒரு கட்டடம் எழும்பிக்கினு இருந்துச்சு, தலைல ஹெல்மெட்டு, கைல பேப்பரு, ஒருத்தன் நின்னு எல்லாரயும் விரட்டிக்கினு இருந்தான். கூட வந்த உள்ளூர் ஆளு கிட்ட இவரு இன்ஜினியரான்னு சைகைல கேட்டேன், அவன் இல்ல இல்ல மெஸ்ட்ரி, மெஸ்ட்ரி ஜி ஓப்ராஸ்னான். எனக்கு அப்படியே தூக்கிவாரிப் போட்டுச்சு. பிரேசில்ல கடைசில இருக்கற எ-வ இ-ன்னுதான் சொல்றாங்க, கேட்டா புதுவண்ணாரப்பேட்டைல யாரோ கூப்பிட்ட மாதிரியே இருக்கு. ஓப்ராஸ்ன்னா கட்டட வேலை. அச்சு அசலா நம்ம கட்டட மேஸ்திரி, பேரும் அதே, வேலையும் அதே. அவங்க ஊரு மீன்பிடி போட்டுல தலைவனும் மெஸ்ட்ரிதானாம். நம்ம காசிமேட்டுல போட்டுக்கு டிரைவருன்னு சொல்றோம், ஹார்பர்ல ஸ்ராங்குன்னு சொல்றாங்க, அந்த ஸ்ராங்கும் போர்த்துகீசியமா டீச்சர்?

ராயபுரம் டீச்சர்
அருமையான தகவல். ஸ்ராங்கு அந்தக் கூட்டம் இல்ல, அது பாரசீகம், சர்ஹங், படைத்தலைவன்னு அர்த்தம். நிலத்துல ஆளுங்கள ஓட்டறவனுக்குப் பேரு மேற்க இருந்து வந்துச்சு, கப்பல்ல ஓட்டறவனுக்கு பாரசீகத்துல இருந்து. அத வேணும்னா தனி இழையா ஆரம்பிங்க, கடல் வார்த்தைங்களுக்கே பத்து பக்கம் பேசலாம்.

வியாசர்பாடி பர்மாக்காரி
டீச்சர், மிஸ்ட்ரஸ் மிஸ்னு பெண்பால் சொன்னீங்களே. எங்க தெருவுல ஒரு அக்கா சித்தாளா பாண்டு தூக்க ஆரம்பிச்சவங்க, இப்ப டைல்ஸ் ஒட்டற வேலைய மொத்தமா எடுத்து நடத்தறாங்க, கீழ ஆம்பளைங்கதான் வேலை செய்யறாங்க. அவங்கள மேஸ்திரியக்கான்னு கூப்பிடறாங்க. சரியான பேரு என்ன, மேஸ்திரிக்கு பெண்பால் உண்டா?

ராயபுரம் டீச்சர்
லத்தீன்ல மகிஸ்த்ரா, போர்த்துகீசியத்துல மெஸ்த்ரா, ஜெர்மன்ல மைஸ்டரின்னு அங்கெல்லாம் தனித்தனியா இருக்கு. நம்ம கடற்கரைக்கு அந்த மெஸ்த்ரா வரல, அன்னிக்கு எந்தப் பொம்பளை கையிலயும் வேலை வாங்கற பொறுப்ப யாரும் குடுக்கல. தமிழ்ல மேஸ்திரின்றதுக்குள்ள ஆண்பால் குறி எதுவும் இல்ல, கொத்தனார் மாதிரி ஆர் விகுதிகூட தேவையில்ல. அந்த அக்கா மேஸ்திரிதான். அக்கான்றது நம்ம மரியாதை.

வண்ணை கலவை
அவங்க நம்பர் எனக்கு தனியா மெசேஜ் பண்ணுங்கக்கா. தண்டையார்பேட்டை சைட்ல பாத்ரூம் டைல்ஸ் அடுத்த மாசம் ஆரம்பிக்கணும், நைனா நல்ல மேஸ்திரியா தேடிக்கினு இருக்காரு.